இழுக்கிறது சரி, நிற்குமா?

பழைய ஜீப்பில் டீசல் இன்ஜின் ஏற்றுவது மறுபடியும் பெருமைக்குரிய வேலையாகிவிட்டது. 2019-ஓடு மாருதி ஜிப்ஸியின் கதை முடிந்ததும் ஓடுகிற ஜிப்ஸிகளுக்கு மவுசு ஏறியது. ராணுவ ஏலத்தில் வந்தவற்றை வாங்கி, பெட்ரோல் இன்ஜினை இறக்கிப்போட்டு, ஏதாவதொரு காரிலிருந்து கழற்றிய டீசலை உட்கார வைக்கிறார்கள். வில்லிஸ் வழியில் வந்த மகிந்திரா சி.ஜே. 3பி வைத்திருப்பவர்கள் இந்த வேலையை முப்பது நாற்பது ஆண்டுகளாகவே செய்துவருகிறார்கள். ஜீப்காரர்கள் கூடுகிற இடங்களில் பானெட்டைத் திறந்து காட்டுவதும், சுற்றி நின்று பாராட்டுவதும், சில இடங்களில் கோப்பை கொடுப்பதும் நடக்கிறது. யாராவது முகம் சுளித்தால் ஒரே பதில் வரும்: “மகிந்திரா கம்பெனியே செஞ்சதுதானே சார்?”

இந்தப் பதில்தான் என்னை எழுத வைக்கிறது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதில்தான் ஆபத்து.

முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். பெட்ரோல் ஜீப் லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். டீசல் ஏற்றினால் பதினொன்று, பன்னிரண்டு வரும். 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தொட்டபோது டீசல் 41-க்குக் கீழே இருந்தது. அன்று இன்ஜின் மாற்றியவரைக் குறை சொல்ல முடியாது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போனது. இன்று தமிழ்நாட்டில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி எட்டு, ஒன்பது ரூபாய்தான். தினமும் தோட்டத்துக்கும் குவாரிக்கும் ஓடுகிற வண்டிக்கு அந்த லாபம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற வண்டிக்கு இல்லை.

டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. ஆற்றில் இறங்கினால் கரண்ட் நனைந்து நின்றுபோகிற தொல்லை கிடையாது. அதைவிடப் பெரிய நன்மை கவர்னர். லோ கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டாலும், சுமை ஏற ஏற கவர்னர் தானே டீசலைக் கூட்டி, ஐடில் சுற்றைக் காப்பாற்றும். மணலில் பெட்ரோல் வண்டி திணறி அணைகிற இடத்தில் டீசல் முனகிக்கொண்டே ஏறிவிடும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரைவிட மணல்தான் அதிகம். அந்த மணலில் ஒரு ஜீப்பை ஓட்டிப் பார்த்தவர் யாரும் டீசலின் இந்தக் குணத்தை மறுக்க மாட்டார். நானும் மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் குணத்துக்கு ‘இழுவை’ என்று பெயர் வைத்து, டீசல் போட்டால் வண்டியின் பலம் கூடிவிடும் என்று பேசுவது ஏட்டுக் கணக்கில் நிற்காது. சி.ஜே. 3பி-யில் வந்த ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின் 2199 சிசி. அதன் சக்தி 75 குதிரை. முறுக்குவிசை 2000 சுற்றில் சுமார் 155 நியூட்டன் மீட்டர். பிற்பாடு ஜீப்புகளில் பேர்போன பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் 2112 சிசி, 62 குதிரை. முறுக்குவிசை அதே 2000 சுற்றில் 121-ஐ ஒட்டி. அமெரிக்கர்களின் பழைய கணக்கு விசிறி, டைனமோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அளந்தது என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், டீசல் முந்திவிட்டது என்று சொல்ல முடியாது. ஓட்டுகிறவர் உணர்வது கவர்னரின் நிதானத்தை. அவர் மெச்சுவதோ இல்லாத பலத்தை.

இனி ‘கம்பெனியே செய்தது’ என்ற வாதம். செய்தது, உண்மை. 1970-களின் நடுவில் மகிந்திரா தன்னுடைய இன்டர்நேஷனல் டிராக்டரின் டீசல் இன்ஜினையே ஜீப்பில் ஏற்றிப் பார்த்தது. 1979-ல் பிரான்சின் பியூஜோவிடம் எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜினைத் தயாரிக்கும் உரிமம் வாங்கியது. ஆனால் அந்த இன்ஜினுக்கென்றே உருவான எம்.எம். 540 வெளிவந்தது 1985-ல். இடையில் கம்பெனி சும்மா இருக்கவில்லை. கொரியாவின் கியாவோடு ஒப்பந்தம் போட்டு, கே.எம்.டி. 90 என்ற நான்கு கியர் பெட்டியையும் அதற்கான டிரான்ஸ்பர் கேஸையும் கொண்டுவந்தது. சி.ஜே. 3பி-யின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம், எம்.எம். 540-க்கு 91 அங்குலம். இன்ஜின் கையில் இருந்தும் அதைச் சுமக்கும் சேஸியும் அதற்கேற்ற கியரும் தயாராகும்வரை கம்பெனிக்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பாறையில் தாவித் தாவி ஏறுகிற கமாண்டர்களும் மேஜர்களும் அந்த வழியில் வந்தவை. அவற்றைக் காட்டி, ஒரு வாரத்தில் லேத்தில் அடாப்டர் பிளேட் கடைந்து, மவுண்டிங்கை வெல்டு வைத்து முடித்த வேலைக்கு நற்சான்று வாங்குவது நியாயமா? கம்பெனி செய்தது ஒரு வண்டியை. பட்டறை செய்வது இன்ஜினை மட்டும்.

என் நெடுநாள் குறை இதுதான். டீசல் ஏற்றுகிறவர்கள் வண்டி எப்படிப் போகும் என்று ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். எப்படி நிற்கும் என்று ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். பழைய ஜீப்பின் கிரௌன் பினியன் விகிதம் 5.38. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குமேல் சுற்ற வேண்டும். 4000 சுற்று வரை போகிற பெட்ரோல் இன்ஜினுக்கு இது பொருத்தம். 6.00-16 டயர் போட்ட வண்டி டாப் கியரில் 3000 சுற்றில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வேகம் போகும். மெதுவாகச் சுற்றுகிற டீசலுக்கு அதற்குமேல் போனால் இன்ஜின் கதறும். நெடுஞ்சாலையில் இப்படிக் கதறவிட யாருக்கும் மனம் வராது. எனவே அடுத்த வேலை: ஆக்ஸிலில் 4.27 பினியன் போடுவது. அதே 3000 சுற்றில் வேகம் இப்போது 95-க்குப் போய்விடும்.

இதற்கு இரண்டு விலை. ஒன்று, முதல் கியரும் லோவும் சேர்ந்து கொடுத்த மொத்தக் குறைப்பு 37 மடங்கிலிருந்து 29 மடங்குச் சொச்சத்துக்கு இறங்குகிறது. மேட்டில் ஊர்ந்து ஏறுவதற்காக டீசல் போட்டவர், சாலையில் ஓடுவதற்காக அந்த ஊர்தலில் ஐந்தில் ஒரு பங்கை விற்றுவிடுகிறார். இது அவர் பாடு, விட்டுவிடலாம். இரண்டாவது விலை அடுத்தவர் தலையிலும் விழுகிறது. 75-ல் ஓடிய வண்டி 95-ல் ஓடினால், நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 60 விழுக்காடு கூடுகிறது. வார்ப்பிரும்பு டீசலும், அதற்கு வேண்டிய பெரிய ஸ்டார்ட்டரும் பெரிய பேட்டரியும் கூட்டுகிற எடை தனி.

அந்த ஆற்றலை விழுங்கப்போவது எது? ஒன்பது அங்குல டிரம். பூஸ்டர் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே லைன். எங்காவது ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் பெடல் முழுக்கத் தரைக்குப் போய்விடும், எந்தச் சக்கரமும் பிடிக்காது. அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கும் அன்றைய காலிச் சாலைக்கும் அளவெடுத்துத் தைத்த ஏற்பாடு அது. வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிற சாலையில், முன்னும் பின்னும் ஜல்லி லாரி நெருக்க, 90-ல் வருகிற வண்டியை அதே டிரம்தான் நிறுத்த வேண்டும். காளையை மாற்றிவிட்டு மூக்கணாங்கயிற்றைப் பழையதாகவே விட்ட கதை.

டீசலின் மேன்மை என்று நான் மேலே ஒப்புக்கொண்டதுகூட இங்கே வந்து வினையாகிறது. தண்ணீரில் அணையாது என்ற தைரியத்தில் இன்னும் ஆழமாக இறங்குகிறோம். டிரம்முக்குள் தண்ணீரும் மணலும் புகுகின்றன. கரையேறி முதல் முறை பெடலை மிதிக்கும்போது லைனிங் வழுக்குகிறது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஆற்றின் நடுவிலேயே நின்றுபோய், ஓட்டுகிறவரை இந்த ஆபத்திலிருந்து காப்பாற்றியிருக்கும்!

‘டீசலுக்கு இன்ஜின் பிரேக் நல்லா இருக்கும், பள்ளத்தில் தானே பிடிச்சுக்கும்’ என்று ஒரு சமாதானம் உண்டு. பட்டறையில் பிறந்து, எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொண்ட பேச்சு இது. பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் காற்று போகிற வழியை ஒரு தகடு அடைக்கிறது. அடைபட்ட வழியில் காற்றை இழுக்க பிஸ்டன் படுகிற பாடுதான் வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கிறது. இந்த ஜீப்புகளில் ஏற்றுகிற டீசல்கள் பெரும்பாலானவற்றில் அந்தத் தகடே இல்லை. காற்று தாராளமாக உள்ளே வருகிறது, நன்றாக அழுந்துகிறது; அழுந்திய காற்றே பிஸ்டனைத் திருப்பித் தள்ளி, வாங்கியதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது. உள் உராய்வு அதிகம் என்பதால் கொஞ்சம் பிடிப்பு உண்டு. அவ்வளவுதான். லாரிகளுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக ஒன்றை வைத்திருப்பது ஏன் என்று யோசித்தாலே போதும். பள்ளத்தில் ஜீப்பைப் பிடித்துவைப்பது லோ கியர். அந்த லோவைத்தான் பினியன் மாற்றிக் குறைத்துவிட்டோம்.

அந்தத் தகடு இல்லாததால் வருகிற இன்னொரு கேடு இதைவிட மோசம். அது ஜிப்ஸிக்காரர்களின் பிரச்சினை. ஜிப்ஸி கிங்கில் முன்பக்கம் டிஸ்க், கூடவே பூஸ்டர். கம்பெனி கொடுத்த பிரேக் நல்ல பிரேக். அதனால் பிரேக்கைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் பூஸ்டர் வேலை செய்வது இன்ஜின் இழுக்கிற வெற்றிடத்தால். பெட்ரோல் இன்ஜினில் அது மேனிஃபோல்டிலிருந்து இலவசமாகக் கிடைத்தது. தகடு இல்லாத டீசலில் மேனிஃபோல்டில் வெற்றிடம் கிடையாது. அதற்கென்று தனி வேக்குவம் பம்ப் வேண்டும். பழைய டீசல் கார்கள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும். இன்ஜினிலிருந்து அதற்கு ஆயில் போக ஒரு குழாயும், வடிந்து திரும்ப ஒரு குழாயும் இருக்கும். இன்ஜினைக் கழற்றி விற்கிறவர் அதைச் சேர்த்துக் கொடுத்தால் உண்டு. ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று பம்ப் இல்லாத மலிவு ஆல்டர்னேட்டரை மாட்டினால் பூஸ்டரும் அதோடு போயிற்று.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டறையில் இப்படி ஒரு ஜிப்ஸியைப் பார்த்தேன். மாருதியின் ஜென் டீசலிலும் எஸ்டீம் டீசலிலும் வந்த 1527 சிசி பியூஜோ இன்ஜின் ஏற்றியிருந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அடாப்டர் பிளேட்டின் ஓரத்தைக்கூட அரம் போட்டு இழைத்திருந்தார்கள். வயர்களுக்கெல்லாம் புது ஸ்லீவ். ஆனால் பூஸ்டரிலிருந்து வந்த ரப்பர் குழாய் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி, மேலே கிளிப் போட்டு இறுக்கியிருந்தது. கேட்டேன். “பெடல் கொஞ்சம் கெட்டியா இருக்கும் சார். காலை நல்லா ஊணி அமுக்கணும். ரெண்டு நாள்ல பழகிடும்” என்றார் மெக்கானிக். பக்கத்தில் நின்ற சொந்தக்காரர், “அந்தக் காலத்து ஜீப் மாதிரியே இருக்குங்க” என்று சிரித்தார். இருவரிடமும் கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, கியர் விழுகிறது, டெம்பரேச்சர் ஏறவில்லை. வேலை முடிந்தது என்பது இருவருக்குமே உறுதி. ஒரு நாய் குறுக்கே ஓடுகிற வரை அந்த உறுதி குலையாது.

இங்கே சிலர் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி.க்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தம் திருத்தமாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. இவ்வளவு கண்டிப்பு வருவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எரிபொருள் ‘டீசல்’ என்று ஆர்.சி.யிலேயே ஏற்றிக்கொண்ட ஜீப்புகள் இன்றும் ஓடுகின்றன. அந்த வழியை அடைத்துவிட்டதால்தான் கேடு, திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது டீசல் கட்சியின் வாதம்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். முற்றிலும் தடுத்த சட்டம், வேலையை நிறுத்தவில்லை, மறைவில் தள்ளியது. பிரேக் இன்ஸ்பெக்டரின் கண்ணில் படக் கூடாது என்பதே இப்போது வடிவமைப்பின் முதல் விதி. விபத்து என்று வந்தால் சொந்தச் சேதத்துக்குப் பணம் தராமல் தட்டிக்கழிக்க இன்சூரன்ஸ்காரருக்கு ஒரு காரணம் கையில் கிடைக்கிறது. ஜெர்மனியில் இந்த வேலைக்குத் தடை இல்லை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட நிபுணர் பிரேக் உட்பட எல்லாவற்றையும் பார்த்துச் சான்று கொடுத்து, அது வண்டியின் காகிதத்தில் ஏறினால்தான் சாலைக்கு வர முடியும். அப்படியொரு வழி இங்கேயும் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

ஆனால் கேட்பவர்கள் அந்தத் தேர்வுக்குத் தயாரா? சட்டம் தளர்வாக இருந்த காலத்தில் ஆர்.சி.யில் டீசல் ஏறிய ஜீப்புகளில் எத்தனைக்குப் பிரேக்கும் கூடவே மாறியது? அலுவலகத்துக்குப் போனது இன்ஜின் நம்பர். திரும்பி வந்தது முத்திரை. நான் பார்த்த வரையில் அந்தக் காலத்து ஜீப்புகளிலும் அதே ஒன்பது அங்குல டிரம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறை சட்டத்தில் மட்டும் இருந்திருந்தால், சட்டத்துக்கு முந்தைய வண்டிகள் நன்றாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அனுமதி கிடைத்த காலத்திலும் எவரும் நிறுத்தத்தைப் பற்றி நினைக்கவில்லை. அனுமதி போன பிறகும் நினைக்கவில்லை. கோளாறு மனப்பான்மையில் இருக்கிறது.

எழுதிவைக்கிற பழக்கமும் இல்லை. திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, யார் யார் வேலைக்கு, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பதுவரை கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் அத்தனை விவரம். இன்று ஒரு ஜீப்பின் இதயத்தையே மாற்றுகிற வேலைக்கு ஒரு தாள் கிடையாது. எந்த இன்ஜின், என்ன பினியன், முன் ஆக்ஸிலில் எவ்வளவு எடை, பூஸ்டருக்கு வெற்றிடம் எங்கிருந்து என்று வண்டியை வாங்குகிற அடுத்த ஆளுக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அவர் முதல் பள்ளத்தில் தெரிந்துகொள்வார்.

செய்ய முடியாத வேலையையும் நான் கேட்கவில்லை. பின்னால் வந்த மகிந்திராக்களின் பெரிய டிரம்மும், இரண்டு லைன் மாஸ்டர் சிலிண்டரும், டிஸ்க்கும், பூஸ்டரும் உடைப்புக் கடைகளில் கிடைக்கின்றன. இன்ஜின் தேடி அதே கடைகளை ஏறி இறங்குகிறவர்தான் இவர். பக்கத்து வரிசையில் கிடக்கிற ஆக்ஸில் இவர் கண்ணில் படாததற்குக் காரணம் ஒன்றுதான்: பிரேக்குக்குச் சத்தம் இல்லை, பானெட்டைத் திறந்தால் தெரியாது, காட்டிப் பெருமைப்பட முடியாது. டீசல் ஏற்றுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வண்டி வேண்டியதில்லை, இன்ஜின்தான் வேண்டும் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

பிரேக்குக்கென்று ஒரு பைசா ஒதுக்காமல் டீசல் ஏற்றுகிறவரும், அதைக் கேட்காமல் ஏற்றிக் கொடுக்கிற பட்டறைக்காரரும் வண்டி கட்டுவதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். முதலில் நிறுத்தத்துக்குச் செலவு செய்யட்டும். மீதிப் பணம் இருந்தால் இன்ஜின் வாங்கட்டும். மீதி இல்லையென்றால் அந்தப் பழைய பெட்ரோலே இருந்துவிட்டுப் போகட்டும். அது செலவுதான் வைக்கும்.